மகனின் நெஞ்சும் லண்டன் குளிசையும்

வெள்ளவத்தை,
புரட்டாதி 1999.

அன்புள்ள மைத்துனர் சிவமணிக்கு,

இங்கே மகன் நிமலனின் நெஞ்சைத் தவிர மற்றெல்லாம் நலம். லண்டனில் நீரும் குடும்பமும் நெஞ்சு உட்பட நலமாயிருக்கப் பிள்ளையாரைப் பிரார்த்திக்கிறேன்.

நிற்க. உமது மருமகனைக் கிருலப்பனை கனகசபாபதியரின் மகளுக்குப் பேசியதும், படத்தைப் பார்த்த பிள்ளை "மாப்பிள்ளைக்குச் சாப்பாடு குடுக்கிறேல்லையோ" என்று கேட்டதும், அந்த ரோசத்தில் இவன் பாமன்கடை ஜிம்முக்குப் போனதும் நீர் அறிந்ததே. அறிந்த நீர் சும்மா இருந்தீரா? இவன் எழுதிக் கேட்டானெண்டு சத்துக் குளிசை, தசை வைக்கிற மாத்திரை, மூண்டு போத்தல் அனுப்பினீர். வெளிநாட்டுச் சாமான் எண்டு உம்முடைய அக்கா பத்மாவதி அதைக் கண்ணாடி அலுமாரியில வைச்சு, வாற போற ஆக்களுக்கெல்லாம் காட்டினா. ரெண்டு போத்தல் முடிய, பெடியன் கதவுக்குள்ளால சரிஞ்சுதான் வரவேண்டியதாப் போச்சு. எங்களுக்கும் புளுகம்தான், சந்தோசம் தாங்கேலாது. பிறகு முதுகெல்லாம் பரு. சோறு குழைஞ்சதுக்குச் சண்டை. அதோட, எப்பிடி எழுதுவன், நெஞ்சு ரெண்டு பக்கமும் பொம்பிளைப் பிள்ளையளுக்கு வாற மாதிரி வீங்கத் தொடங்கிட்டுது.

போன கிழமை செக்பொயின்றில ஆமிக்காரன் இவன்ர தோளைப் பார்த்திட்டு, எங்க ட்ரெயினிங் எடுத்தனி எண்டு கேட்டிருக்கிறான். இந்த நாட்டில தமிழ்ப் பெடியனுக்கு அப்பிடித் தோள் கூடாதெண்டு எனக்கு முதலே விளங்கியிருக்க வேணும். சேட்டைக் கழட்டச் சொன்னானாம். நெஞ்சைக் கண்டதும் துவக்கை இறக்கினானாம். ஐடென்ரிகாட்டைத் திருப்பிக் குடுத்து, "மல்லி, டொக்டர்ட்ட பென்னன்ன" எண்டு மெதுவாச் சொன்னானாம். தம்பி, டொக்டரிட்டக் காட்டு எண்டு சிங்களத்தில.

காட்டினம். டொக்டர் ஷரீப் சொல்லுறார், ஆம்பிளை ஹோர்மோன் குளிசையா வெளியில இருந்து வர, இவன்ர உடம்பு தான் செய்யிறதை நிப்பாட்டிப் போட்டுதாம். கூடிப்போனது பொம்பிளை ஹோர்மோனா மாறுதாம். விந்தணு இப்ப இல்லையெண்ட மாதிரித்தானாம். குளிசையை விட்டா மெல்லத் திரும்பலாம், மாதக்கணக்காகும், நிச்சயம் சொல்லேலாதாம். ஆம்பிளையாக்கவெண்டு விக்கிற சாமான், ஐசே. எனக்கிருக்கிறது ஒரே மகன். பேரப்பிள்ளையைக் காணாமலே போயிடுவனோ எண்டு நித்திரை இல்லை. நேற்று உம்மை நினைச்சு மேசையில ஒரு குத்து விட்டன், மேசைக்கால் முறிஞ்சுபோச்சு. முப்பது வருசம் கந்தோரில பைல் மட்டும் தூக்கின கை. அந்தக் கோபத்திலேயே மூண்டு மாடியும் ஒரே மூச்சில ஏறுறன்.

கனகசபாபதியர் தையில கலியாணம் எண்டு நிக்கிறார். உமக்கு லீவு வாற ஆவணியிலதான் எண்டு அவருக்கொரு கடிதம் போடும். தாய்மாமன் இல்லாமல் தாலி கட்டுறதெண்டால் அவரும் சம்மதியார். அதுக்குள்ள பெடியன் தேறட்டும். நெஞ்சைப் பற்றி மூச்சு விடாதையும்.

பிள்ளைகளுக்கு எனது ஆசிகள். குளிசை தவிர வேறு எதையும் அனுப்பலாம்.

இங்ஙனம்,
உம்மில் கோபம் ஆறாத அத்தான்,
தில்லைநாதன்.

பி.கு.: மூண்டாம் போத்தல் மிஞ்சிக் கிடந்தது. லண்டன் சாமானைக் குப்பையில போட மனம் வரேல்லை. எனக்கினிப் பிள்ளை பெறுகிற யோசனை இல்லைத்தானே எண்டு, முழங்கால் நோவுக்கு நான்தான் காலமையும் பின்னேரமும் போட்டு வாறன். நோ பறந்திட்டுது. இப்ப தபால் கந்தோருக்குப் போகச் சேட்டைப் போட்டால் நெஞ்சுப் பொத்தான் பூட்டேலாமல் கிடக்கு. மேசைக்கால் முறிஞ்சது உம்மில வந்த கோபத்தாலயெண்டு இனிச் சொல்லேலாது. பத்மாவதி என்ர நெஞ்சையே பார்த்துக்கொண்டு நிக்கிறா. கடிதத்தை அவதான் கொண்டுபோய்ப் போடுவா, நான் செக்பொயின்ற் பக்கம் போகமாட்டன்.