பெரட்டுக் களத்தில் இரண்டு கூடாரம்

மலைநாட்டில் ஒரு துண்டு சமதரை சும்மா கிடந்தால் அதை நம்பக் கூடாது. எங்கள் பக்கம் நிலம் தானாகச் சமமாவதில்லை. ஆட்கள் குடியிருக்க லயம் கட்டவோ, கோயில் கட்டவோ, தேயிலைக் கொழுந்து நிறுக்கவோ யாரோ மண்வெட்டி பிடித்து வெட்டியிருப்பார்கள். அதற்கு ஏற்கெனவே ஆள் இருக்கும். இது இன்றைக்கு எனக்கு நன்றாகத் தெரியும். அன்றைக்குத் தெரியாதா என்றால், அன்றைக்கும் தெரியும். தெரிந்தேதான் போய் விழுந்தேன். (படிப்புத்தான் கொறைவு, துணிச்சலுக்கு என்ன கொறைச்சல்!)

அப்போது நான் கொழும்பு புறக்கோட்டையில் ஒரு கடையின் குடோனில் வேலை செய்தேன். வாளி, கயிறு, படங்கு, பிளாஸ்டிக் கதிரை எல்லாம் விற்கிற கடை. பதினோராம் வகுப்பு ஓ.எல். பரீட்சையில் கணிதமும் ஆங்கிலமும் சேர்ந்து என்னைத் தள்ளிவிட, பூண்டுலோயாவிலிருந்து பஸ் ஏறி வந்து மூன்று வருடமாகியிருந்தது. மூன்று வருடமும் ஜன்னல் இல்லாத குடோன். கடையின் முன்பக்கத்தில், மின்விசிறிக்குக் கீழே, சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு நின்று, "வாங்க மிஸ், என்ன பாக்கிறீங்க?" என்று கேட்கிற கவுண்டர் வேலைதான் என் வாழ்க்கை லட்சியம். அதைவிடப் பெரிய லட்சியம் ஒன்று உலகத்தில் இருப்பதாக அப்போது எனக்குத் தெரியாது.

ஒரு நாள் எங்கள் முதலாளி கூடாரங்கள் இறக்கினார். கொழும்புப் பிள்ளைகள் சனி, ஞாயிறு வந்தால் காட்டில் போய்ப் படுக்கிறார்களாம், நல்லாப் போகுமாம். ஆனால் அவர் ஒரு கொள்கைக்காரர்.

"விக்கிற சாமான்ல நாமளும் ஒரு நாளாவது படுத்துப் பாக்கணும்டா. இல்லாட்டி வர்றவனுக்கு என்ன சொல்றது?"

கடையில் இருந்த எல்லோரையும் கூப்பிட்டு வைத்து இடம் கேட்டார். "காலைல கெளம்பினா பொழுது சாயிறதுக்குள்ள கூடாரம் போட்டிருக்கணும். வேன் கிட்டப் போகணும். தண்ணி வேணும். அட்டை கடிக்கக் கூடாது. எங்க வீட்டு அம்மாவும் வர்றா, அதனால கக்கூஸ் கட்டாயம் வேணும். எங்கடா இருக்கு அப்படி எடம்?"

ஒருவன் கடற்கரை என்றான். வெயில் என்று முதலாளி தள்ளினார். இன்னொருவன் ஆற்றங்கரை என்றான். வெள்ளம் என்று தள்ளினார். நான் குடோன் வாசலில் நின்றபடி கையைத் தூக்கினேன்.

"நம்ம ஊர்ப் பக்கம் இருக்குங்க முதலாளி. ஹட்டனுக்கு அங்கிட்டு."

"நீ பாத்திருக்கியா?"

"பாக்கிறதா? வெளையாண்டிருக்கேன்!"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எடம் நல்லா அமைஞ்சா, கூடாரம் விக்கிற கவுண்டர் ஒனக்குத்தான். அமையாட்டி, குடோன்லயே கெடந்து கெழவனாயிரு."

நான் சொன்ன இடம் பொய்யில்லை. பதினாலு வயதில் ஒரு கிரிக்கெட் மேட்சுக்காக அங்கே போயிருக்கிறேன். அது ஒரு தோட்டத்தின் பெரட்டுக் களம். காலையில் தொழிலாளர்கள் வந்து கூடி நிற்க, பேர் கூப்பிட்டு, இன்றைக்கு யார் எந்த மலைக்கு என்று பிரித்து அனுப்புகிற இடம். அடித்த பந்து பள்ளத்தாக்குக்கு உருளாமல் நின்ற ஒரே தரையை நான் என் வாழ்க்கையில் அங்கேதான் பார்த்தேன். சமதரை உண்டு. பைப் உண்டு. கக்கூஸ் உண்டு. லொறியே வந்து திரும்பும், வேனுக்கு என்ன? எதிரே மலை மலையாய்த் தேயிலை. முதலாளி கேட்ட அத்தனையும் ஒரே இடத்தில்.

பெரட்டு நடக்குமே என்று நீங்கள் கேட்பீர்கள். அங்கேதான் என் மூளை. நான் பார்த்து வைத்த நாள் போயா, பௌர்ணமி விடுமுறை. போயாவுக்குத் தோட்டத்தில் வேலை ஏது? இந்தச் சின்ன விஷயத்தை முதலாளியிடம் சொல்லி அவரைக் குழப்புவானேன் என்று விட்டுவிட்டேன்.

"பெர்மிஷன் எடுக்கணுமாடா?" என்றார்.

"தோட்டத்து மேனேஜர் தொரை நமக்கு ரொம்ப வேண்டியவருங்க." (அந்தத் துரையை நான் பார்த்தது ஒரே ஒரு தடவை. ஜீப்பில் போகும்போது. அதுவும் முதுகை.)

எல்லாம் அமைந்து வரும்போது ஊரிலிருந்து என் அம்மா போன் எடுத்தாள்.

"தம்பி, போயாவுக்கு வந்திருப்பா. ஹட்டன் பக்கம் ஒரு பொண்ணு இருக்கு. ஏ.எல். வரைக்கும் படிச்ச பொண்ணு. பதினோரு மணிக்கு வர்றோம்னு சொல்லப் போறேன்."

பெண்ணின் போட்டோவையும் அனுப்பியிருந்தாள். என் போனில் பேசுவதற்கு மட்டும்தான் காசு இருந்தது, டேட்டாவுக்கு இல்லை. அந்தப் போட்டோ என் போனில் ஒரு வட்டமாகச் சுற்றியது, சுற்றியது, கடைசிவரை சுற்றிக்கொண்டே இருந்தது. எந்தத் தோட்டம் என்று நானும் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்குக் கூச்சம். தலையில் குடோன் தூசியோடு போய், ஏ.எல். படித்த பெண் முன்னால் என்னவென்று உட்காருவது? கவுண்டர் கிடைக்கட்டும், சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு ராஜா மாதிரிப் போகலாம். அதனால் சொன்னேன்:

"முதலாளி லீவு குடுக்க மாட்டேங்கிறாரும்மா."

அதோடு நிறுத்தியிருக்கலாம். எனக்குத்தான் நிறுத்துகிற பழக்கமே இல்லையே. "அவரு ராட்சசன்மா! போன மாசம் ஒருத்தனுக்குக் காய்ச்சல். லீவு கேட்டான்னு குடோன்ல வச்சுப் பூட்டிட்டாரு. பெத்த தாய்க்கு முடியலன்னாலும் அரை நாள்தான் விடுவாரு."

அம்மா அந்தப் பக்கம் அழுதே விட்டாள். (நடிப்புக்கு ஒரு பரிசு வச்சா எனக்குத்தான்.)

போயாவுக்கு முதல் நாள் புறப்பட்டோம். முதலாளி, முதலாளியம்மா, நான், வேன் ஓட்டுகிற நிமால் அய்யா. முதலாளியம்மா ஒவ்வொரு நீர்வீழ்ச்சிக்கும் இறங்கிப் படம் எடுத்ததில், போய்ச் சேர பின்னேரம் நாலு மணி தாண்டிவிட்டது. பனிமூட்டம் என்றால் அப்படி ஒரு பனிமூட்டம். கையை நீட்டினால் விரல் தெரியாது. நிமால் அய்யா வேனை நிறுத்திவிட்டு, "மேக ஹரித மல்லி?" என்று சிங்களத்தில் கேட்டார். இதுதானா இடம், சரிதானா என்கிறார். "ஷுவர் அய்யே!" என்று நெஞ்சை நிமிர்த்தினேன்.

இரண்டு கூடாரமும் போட்டு முடிக்க இரண்டு மணி நேரம். முளை அடித்து, கயிறு இழுத்துக் கட்டி, களத்தின் நட்ட நடுவில் நிறுத்தினோம். ஓரத்தில் போடலாம் என்று நிமால் அய்யா சொன்னார்தான். நடுவில்தான் வியூ என்று நான் விடவில்லை.

"என்ன அமைதி! மனுஷ வாடையே இல்ல" என்றார் முதலாளியம்மா.

"கவுண்டர் ஒனக்குத்தான் போல இருக்குடா" என்றார் முதலாளி. அந்தச் சந்தோஷத்தில் நான் கட்டையாய்த் தூங்கிப் போனேன்.

காலையில் பேச்சுச் சத்தம். சிரிப்பு, இருமல், யாரோ யாரையோ வெற்றிலை கேட்கிற குரல். வீட்டு நினைப்பில் கனவு காண்கிறேன் என்றுதான் நினைத்தேன். கூடாரத்தின் ஜிப்பை ஒரு சாண் இறக்கினேன். முதலில் தெரிந்தது கால்கள். செருப்புப் போட்ட கால், சப்பாத்துப் போட்ட கால், வரிசை வரிசையாகக் கால். அப்புறம் மழைக்கும் ஈரத்துக்கும் இடுப்பில் சுற்றிய படங்கு. அப்புறம் முகங்கள்.

ஒரு நாற்பது பெண்கள் இருப்பார்கள். தினமும் நிற்கிற அதே வரிசையில், அவரவர் இடத்தில் நிற்கிறார்கள். கூடாரம் குறுக்கே வந்த இடத்தில் வரிசை இரண்டாகப் பிரிந்து, அந்தப் பக்கம் மறுபடி தொடர்கிறது. ஒருத்தி தன் கொழுந்துப் பையை எங்கள் கூடாரக் கம்பியிலேயே மாட்டியிருந்தாள்.

"ஏத்தா, உள்ள ஆளு அசையுது!"

"முளை அடிச்சுக் கயிறு கட்டியிருக்காங்க பாத்தியா? காணி அளக்க வந்தவங்கதான். நான் சொல்லல?"

அந்த நேரம் பார்த்து பக்கத்துக் கூடாரத்திலிருந்து முதலாளி தலையை நீட்டினார். குரங்குக் குல்லா, சாரம், தோளில் போர்வை. பார்த்தால் பெரிய அதிகாரி மாதிரித்தான் இருந்தார். முன் வரிசையில் நின்ற ஒரு தாட்டியான அம்மா விறுவிறுவென்று வந்துவிட்டார்.

"ஐயா, வீடு கட்ட ஏழு பேர்ச்சு காணி குடுக்கிறதுன்னா ரோட்டுக்குப் பக்கமாக் குடுங்க. போன தடவ வந்தவங்க பள்ளத்தக் காட்டிட்டுப் போயிட்டாங்க. அங்க ஆடுகூட நிக்காது!"

கடைக்கு வந்த யாரையும் இல்லை என்று திருப்பி அனுப்பிப் பழகாதவர் முதலாளி. தூக்கக் கலக்கத்தில், "சரிம்மா, கவனிப்போம்" என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான், நாலு பக்கமும் பேர் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். நான் பாய்ந்து வெளியே வந்தேன்.

"ஐயோ, அதெல்லாம் இல்லீங்க! நாங்க சும்மா வந்தோம்."

"சும்மாவா?" அந்த அம்மா கூடாரத்தைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தார். "கொழும்புல கல் வீட்ட விட்டுப்புட்டு, இந்தச் சீலைக்குள்ள படுக்கவா இம்புட்டுத் தூரம் வந்தீங்க?"

"ஆமாங்க."

"ஒழுகிச்சா?"

"ராத்திரி மழைக்குக் கொஞ்சம் ஒழுகிச்சு."

"அதுக்கு எங்க லயத்துக்கே வந்திருக்கலாமே. அங்கயும் ஒழுகும், சோறாச்சும் கெடைக்கும்."

நாற்பது பேரும் சிரித்த சிரிப்பில் முதலாளியின் குல்லா நழுவியது.

சிரிப்பு சட்டென்று அடங்கியது. தொப்பி வைத்து, சப்பாத்து மாட்டி, கையில் பேர்ப் புத்தகத்தோடு ஒரு பெண் வந்தாள். அந்தத் தோட்டத்தில் மேற்பார்வைக்குப் புதிதாகப் போட்ட பொம்பளைக் கங்காணியாம். என் வயதுதான் இருக்கும். நடையைப் பார்த்தால் துரையே ஒதுங்கி வழிவிடுவார்.

"பெரட்டுக் களத்துல யாரு டெண்ட் அடிச்சது?"

நான் முன்னால் போய் நின்றேன். தைரியத்தை விடவில்லை. "இன்னைக்குப் போயாங்க. போயாவுல பெரட்டு கெடையாது."

"போயான்னு கொழுந்து வளராம நிக்குமா? சீசன். முத்திப் போறதுக்குள்ள எடுக்கணும். இன்னைக்கு ஒண்ணரைப் பேரு." (தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர் போடுவார்கள். போயாவில் வந்தால் ஒன்றரை. சொன்ன நிறைக்குக் கொழுந்து எடுக்காவிட்டால் அரைப் பேர். நான் மூன்று வருடம் கொழும்பில் கிடந்ததில் சீசன் என்று ஒன்று இருப்பதையே மறந்து போனேன்.)

அவள் புத்தகத்தைத் திறந்து பேனாவை எடுத்தாள். "ஒங்க பேரு?"

ஏனோ உள்ளுக்குள் ஒரு மணி அடித்தது. "சுரேஷ்" என்றேன்.

"டேய் தினேஷ்!" என்று பின்னாலிருந்து முதலாளி கத்தினார். "அம்மாவுக்குக் கக்கூஸ் எங்கன்னு காட்டுடா!"

அவள் பேனாவை மூடினாள். என் முகத்தை உற்றுப் பார்த்தாள். என் போனில்தான் போட்டோ சுற்றியது. அவர்கள் பக்கம் என் போட்டோ ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

"பூண்டுலோயா தினேஷா?"

"... ஆமாங்க."

"இன்னைக்குப் பதினோரு மணிக்கு எங்க வீட்டுக்குப் பொண்ணு பாக்க வர வேண்டிய தினேஷா?"

நாற்பது பேரில் ஒருவர்கூட வெற்றிலை மெல்லவில்லை.

"நீங்க வரலன்னு சொன்னதாலதான் நான் பெரட்டுக்கே வந்தேன்" என்றாள் தர்ஷினி. ஆமாம், அவள் பேரை எனக்கு அப்போதுதான் பக்கத்திலிருந்த ஒருத்தி சொன்னாள். "ஒங்க முதலாளி லீவு குடுக்கலயாமே. காய்ச்சக்காரனைக் குடோன்ல போட்டுப் பூட்டுவாராமே."

"யாரு?" என்றார் முதலாளி. "நானா?"

அந்தத் தாட்டியான அம்மா திரும்பினார். அவர்தான் பெண்ணைப் பெற்றவர் என்று அவர் திரும்பிய வேகத்திலேயே புரிந்துவிட்டது. "நீங்கதானா அந்த ராட்சசன்? ஏங்கய்யா, பெத்த தாய்க்கு முடியலன்னாலும் அரை நாள்தான் விடுவீங்களாமே? இந்தப் பிள்ளையோட அம்மா எங்ககிட்டச் சொல்லி எப்படி அழுதுச்சு தெரியுமா?"

முதலாளி என்னைப் பார்த்தார். அவர் ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். முதலாளியம்மாதான் மெதுவாகச் சொன்னார். "மூணு வருஷமா ஒரு நாள்கூட லீவு கேக்காத பிள்ளைன்னு வேன்ல வர்ற வழியெல்லாம் ஒன்னப் பத்தித்தானேடா சொல்லிக்கிட்டு வந்தாரு."

பூமி பிளக்கவில்லை. சமதரை பாருங்கள், கெட்டியாக வெட்டியிருந்தார்கள்.

"நான் லீவு கேக்கவே இல்லீங்க" என்று எல்லோர் முன்னாலும் ஒத்துக்கொண்டேன். "கவுண்டர் கெடச்சப்புறம் வரலாம்னு நெனச்சேன்." அந்த வருடத்தில் நான் சொன்ன முதல் உண்மை அதுவாகத்தான் இருக்கும். யாரும் கை தட்டவில்லை.

தர்ஷினி என்னை ஒரு கணம் பார்த்தாள். பிறகு மணியைப் பார்த்தாள். "பெரட்டு லேட்டாகுது. கூடாரத்தக் கழட்டுங்க."

இரண்டு மணி நேரம் எடுத்து நாங்கள் கட்டியதை அந்தப் பெண்கள் ஐந்து நிமிடத்தில் கழற்றி, படங்கு மடிக்கிற மாதிரி மடித்துக் கையில் கொடுத்தார்கள். அப்புறம் அவள் பேர் கூப்பிட்டாள். ஒவ்வொருவராகக் குரல் கொடுத்தார்கள். கடைசிப் பேரும் முடிந்து புத்தகத்தை மூடும்போது சொன்னாள்:

"அடுத்த போயாவுக்கு வாங்க. பேரு கூப்பிடுவேன். நிக்கணும்."

நாங்கள் திரும்பி வருகிற வழியில் முதலாளியம்மா ஒரு நீர்வீழ்ச்சிக்கும் இறங்கவில்லை. நிமால் அய்யா மட்டும் கண்ணாடியில் என்னைப் பார்த்துப் பார்த்துத் தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். என் கவுண்டர் போயே போய்விட்டது என்று நான் முடிவே கட்டிவிட்டேன். மறுநாள் குடோன் கதவைத் திறக்கப் போனவனை முதலாளி கூப்பிட்டார்.

"சட்டைய உள்ள விட்டுக்கிட்டு முன்னால வந்து நில்லு."

"முதலாளி?"

"இம்புட்டுப் பொய்யக் கூசாமச் சொல்றவனக் குடோன்ல வச்சிருந்தா எனக்குத்தான்டா நட்டம். ஆனா ஒண்ணு. எங்க போய்க் கூடாரம் போடலாம்னு எவனாவது கேட்டா, நீ வாயே தெறக்கக் கூடாது."

இன்றைக்கும் யாராவது அப்படிக் கேட்டால், "அதுக்கு இந்தப் பக்கம் வாங்க!" என்று காசு மேசையிலிருந்து அவர் கத்துவார்.

அடுத்த போயாவுக்கு நான் போய் நின்றேன். அதற்கடுத்த போயாவுக்கும். கல்யாணத்துக்கு முதலாளி கொடுத்த பரிசு, சந்தேகமே இல்லை, ஒழுகின அதே கூடாரம். தாலி கட்டுகிற நேரம் ஐயர் "மாப்பிள்ளை எங்க?" என்று கேட்க, நான் பதில் சொல்லும் முன்னே நாற்பது பெண்களும் ஒரே குரலில், "பெரட்டுல நிக்கிறாரு!" என்றார்கள். மண்டபமே ஆடிப்போனது.

தர்ஷினியின் அம்மாவுக்கு ரோட்டுப் பக்கத்துக் காணி இன்னும் கிடைக்கவில்லை. முதலாளியைப் பார்க்கும்போதெல்லாம், "கவனிப்போம்னீங்களே" என்று கேட்பார். அவரும் தலையைச் சொறிவார்.

நான் வீட்டுக்கு ஒரு பத்து நிமிடம் பிந்திப் போனால் தர்ஷினி ஏசுவதில்லை. வாசலில் நின்று என் பேரைக் கூப்பிடுவாள். நான் தலையைக் குனிந்துகொண்டு, "வந்துட்டேங்க" என்பேன். பொய்க் காரணம் ஒன்றை எடுத்து விட்டேனோ, உள்ளே திரும்பி என் அம்மாவிடம் சொல்வாள்:

"அத்தே, ஒங்க மகனுக்கு இன்னைக்கு அரைப் பேருதான்."