நூலளவு அக்காவின் சல்லடை

ஒரே பொருள் தரும் இரண்டு ஆங்கிலச் சொற்கள் உண்டு என்று நூலளவு அக்காவிடம் சொல்லிவிட்டு, அன்று நேரத்துக்குச் சாப்பிட்டவர் போடி பஜாரில் ஒருவர்கூடக் கிடையாது. நான் மூன்று முறை சொல்லியிருக்கிறேன். மூன்று முறையும் தயிர்சாதம் புளித்துவிட்டது.

உணவுத் தொழில்நுட்பம் படித்துவிட்டு, போடியில் ஒரு ஏலக்காய் ஏற்றுமதி கம்பெனியின் லேபில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். வெளிநாட்டுக்குப் போகும் கடிதங்களை எழுதி டைப் அடித்து அனுப்புவது அக்காவின் வேலை. கைபேசியே கடிதம் எழுதித் தரும் காலத்தில் அவரை ஏன் வைத்திருக்கிறார்கள் என்று முதல் நாளே யோசித்தேன். அவர் மேசையில் இருந்தவை: ஒரு கணினி, முதுகு பிய்ந்த மூன்று அகராதிகள், ஒரு தேன்மிட்டாய் டப்பா. இல்லாதது: அவர். நடந்தால்தான் அவருக்குச் சொல் வரும். எடைமேடையிலிருந்து வாசல் கேட் வரை, கேட்டிலிருந்து எடைமேடை வரை. ஒரு கடிதத்துக்கு ஒன்றரை கிலோமீட்டர் என்பது காய் பொறுக்கும் பெண்களின் கணக்கு.

யார் எந்தச் சொல்லைச் சொன்னாலும் நின்று திரும்பி, "ரெண்டுக்கும் நூலளவு வித்தியாசம் இருக்குல்ல?" என்பார். வருகைப் பதிவேட்டில் இருந்த பெயரை எல்லோரும் மறந்தது இப்படித்தான்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேன். "எல்லாம் ஒண்ணுதானக்கா. எதுக்கு இம்புட்டு அலைச்சல்?"

"ஏ புள்ள, காய்க்கு ஏழு எம்எம் சல்லடை, எட்டு எம்எம் சல்லடைன்னு வச்சுச் சலிக்கிறோம்ல? வார்த்தைய மட்டும் சாக்குல அள்ளிக் கொட்டுறதா?"

சலித்துக்கொண்டேதான் வாழ்ந்தார். முழங்கால் வலிக்காக மருத்துவரிடம் போனபோது, "பெயின் இல்ல டாக்டர். பெயின்னா சுருக்குன்னு இருக்கும். ஏக்கும் இல்ல, அது விடாம இருக்கும். இது ட்விஞ்ச், வந்துட்டு ஓடிப்போயிரும்" என்று விளக்கியிருக்கிறார். மருத்துவர் பயந்துபோய் ஸ்கேன் எடுக்க எழுதிக் கொடுத்துவிட்டார்.

இன்னொரு நாள் முற்றத்தில் தார்ப்பாய் விரித்துக் காய் ஆறப்போட்டிருந்தோம். மலைப்பக்கமிருந்து சாரல் இறங்கியது. "யக்கா, மழை! அந்த ஓரத்தப் பிடிங்க!" என்று வாட்ச்மேன் கத்தினார்.

"மழையா இது? ட்ரிசில்கூட இல்லப்பா. ட்ரிசில்னா துளி கண்ணுக்குத் தெரியும். இது மிஸில். பனியும் தூத்தலும் கலந்து..."

அவர் சொல்லி முடித்தபோது அது எந்த அகராதியிலும் மழைதான். ஆறு மூட்டைக் காய் நனைந்திருந்தது.

இவ்வளவையும் சிரித்துக்கொண்டே பார்த்த எனக்கும் ஒருநாள் வந்தது. நாத்தனார் வீட்டு விசேஷத்துக்காக அக்கா இரண்டு நாள் லீவில் ஜெயமங்கலம் போயிருந்தார். துபாய் வியாபாரிக்குச் சரக்கின் தர அறிக்கையை அவசரமாக அனுப்ப வேண்டியிருந்தது. அடர்ந்த நிழல் தோட்டத்துக் காய்; புதுசு, ஆனால் பச்சை கொஞ்சம் குறைவு. நிறம் என்ற இடத்தில் 'ஃபேடட்' என்று எழுதி அனுப்பினேன். மறுநாள் காலை பதில் வந்தது: பழைய சரக்கு வேண்டாம், ஆர்டர் ரத்து.

தூத்துக்குடி துறைமுகத்துக்குப் போக வேண்டிய லாரி மூட்டைகளோடு முற்றத்தில் நின்றது. எந்தச் சொல்லால் வந்த வினை என்று முதலாளிக்குப் புரியவில்லை. அறிக்கை என் லேபிலிருந்து போனது என்பது மட்டும் புரிந்தது. "சாயங்காலத்துக்குள்ள அந்தாளு ஒத்துக்கிறணும். இல்லேன்னா நாளைலருந்து நீ வர வேணாம்மா" என்றார். நான் வேலைக்குச் சேர்ந்து ஐந்தாவது வாரம்.

லீவு முடிந்து அப்போதுதான் உள்ளே வந்த அக்கா அறிக்கையைப் படித்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஃபேடட்னு போட்டுட்டியே ஆத்தா! பேல்னா காய்க்கும்போதே வெளுப்பு. ஃபேடட்னா இருந்த நெறம் போயிருச்சு. பழசுன்னு நீயே எழுதிக் குடுத்துருக்க."

"ரெண்டும் வெளுப்புதானக்கா?"

"பச்சப்புள்ளைக்கு முடி மொளைக்காததும் மொதலாளிக்கு முடி கொட்டுனதும் ஒண்ணா?"

காய் புதுசு என்று விளக்கும் பகுதியை நின்றபடியே ஐந்து நிமிடத்தில் அடித்து முடித்துவிட்டார். ஆனால் தவறு எப்படி நேர்ந்தது என்று ஒரு வரி எழுத வேண்டும். அந்த ஒரு வரிக்காக நடக்க ஆரம்பித்தவர் மூன்று மணி நேரம் நிற்கவில்லை. ஒவ்வொரு முறை லேப் வாசலைக் கடக்கும்போதும் ஒரு சொல்லை எறிந்துவிட்டுப் போனார்.

"ஓவர்சைட்... கண்ணுல படாம விட்டது. அது இல்ல."

"ப்ளண்டர்... முட்டாத்தனம். அம்புட்டு இல்ல."

"இக்னரன்ஸ்... உனக்குத் தெரியலைன்னு ஆயிரும். சீ!"

முதலாளி அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "ஏம்மா, லாரி நின்னுக்கிட்டு இருக்கும்மா!"

"நிக்கட்டும். நான் நடந்துக்கிட்டுத்தான இருக்கேன்?"

நான் கைபேசியில் ஒரு பட்டியல் போட்டுக்கொண்டிருந்தேன். ஒன்று, அப்பாவிடம் எப்படிச் சொல்வது. இரண்டு, விடுதி அறையை எப்போது காலி செய்வது. மூன்றாவது தோன்றுவதற்குள் கேட் பக்கமிருந்து குரல் வந்தது.

"மிஸ்நோமர்! தப்பான பேரு வச்சது. அச்சு அசலாப் பொருந்துது!"

காய் பொறுக்கும் பெண்கள் கைதட்டினார்கள். அக்கா போய் நாற்காலியில் உட்கார்ந்தார். அதில் அவர் உட்கார்ந்து அன்றுதான் பார்த்தேன். உட்கார்ந்தும் வெகுநேரம் விரல் அசையவில்லை. பிறகு மடமடவென்று அடித்தார். தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். திரையில் 'டைப்பிங் எரர்' என்று இருந்தது.

"மிஸ்நோமர்தான் சரின்னு சொன்னீகளேக்கா?"

"சரிதான்."

"பெறகு?"

"தப்பான பேருன்னு போட்டா, பேரு வச்சது யாருன்னு கேப்பாக. டைப்பிங் எரர்னா யாரும் உங்கிட்ட வரமாட்டாக. இங்கன டைப் அடிக்கிறது நான்தான? லீவுக்குப் போகுமுன்ன நான் அடிச்சு வச்சதுன்னு போட்டுட்டேன்" என்று சொல்லி அனுப்பும் பொத்தானை அழுத்திவிட்டார்.

அரை மணி நேரத்தில் துபாயிலிருந்து சம்மதம் வந்தது. லாரி கிளம்பியது. கடிதத்தின் நகலைப் படித்த முதலாளி வெளியே வந்து, இருபது பேர் முன்னால், "இத்தன வருசமா டைப் அடிக்கிறீக, லீவுக்குப் போற அவசரமா? மிஸ்டேக்கு, ப்ளண்டரு, எல்லாம் ஒண்ணுதாம்மா!" என்று அக்காவைத் திட்டித் தீர்த்தார்.

அக்கா அசையாமல் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு சொல்லைக்கூடத் திருத்தவில்லை.