ஸ்பீக்கர் அண்ணனின் குதிரைக்கு ஒரு வளவு

கல்லடிப் பாலத்திலிருந்து கல்லாறு வரைக்கும் தேடினாலும், அரசாங்கக் கூட்டமொன்றில் தலைவரை வாயைத் திறக்கவிடாமல் இருபது நிமிடம் தான் மட்டும் பேசி முடித்த மனிதர் ஒரேயொருவர்தான் கிடைப்பார். இத்தனைக்கும் அவருக்குக் குரலே கிடையாது. பக்கத்தில் நின்று பேசினாலும் "என்ன, என்ன" என்று இரண்டு தரம் கேட்கவேண்டும். கையில் மைக்கைக் கொடுத்தால் மட்டும் வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையில் வலை வீசுகிறவர் திரும்பிப் பார்ப்பார்.

களுவாஞ்சிக்குடியில் அவருக்குப் பெயர் ஸ்பீக்கர் அண்ணன். திருவிழா, கலியாணம், செத்தவீடு எதுவானாலும் ஒலிபெருக்கி கட்டுவது அவர்தான். அடையாள அட்டையில் வேறு பெயர் இருக்கவேண்டும். அதைப் பார்த்த எவரையும் நான் சந்தித்ததில்லை. வயது அறுபத்தெட்டு. ஊரில் நடந்த அத்தனை கலியாணத்துக்கும் முதல் நாளே போய் நின்றவர், தன்னுடைய கலியாணத்துக்கு மட்டும் போய்ச் சேரவில்லை.

எங்கள் பக்கத்தில் இது சின்ன விஷயம் அல்ல. வீடும் அதைச் சுற்றிய வளவும் பெண்பிள்ளைகளுக்குத்தான் சீதனமாகப் போகும். ஆண்பிள்ளை கட்டிய பெண்ணின் வீட்டுக்குப் போய்ச் சேர்வான். கட்டாமல் விட்டவனுக்குக் காலடி மண்ணும் சொந்தமில்லை. தாயின் வீடு அக்காவுக்கும் தென்னங்காணி தங்கச்சிக்கும் போனபின், ஸ்பீக்கர் அண்ணனுக்கு மிஞ்சியது சந்தைக்குப் பின்னால் வாடகைக்கு எடுத்த ஓர் அறை. அதிலும் முக்கால்வாசியை ஒலிபெருக்கிப் பெட்டிகள் பிடித்துக்கொண்டன. மீதியில் அவர் படுத்தார்.

இப்படிப்பட்ட மனிதருக்குத்தான் குதிரை வந்தது. கடற்கரையில் ஒரு ஹோட்டலை மூடினார்கள். அங்கே வேலை செய்தவர்களை விரும்பியதை எடுத்துப் போகச் சொன்னார்களாம். ஒருவர் மின்விசிறியைத் தூக்கினார், இன்னொருவர் சாய்கதிரையைத் தூக்கினார். விருந்துகளுக்கு ஸ்பீக்கர் கட்டிவந்த நம்மவர், தாய் செத்து மூலையில் நின்ற ஒரு குதிரைக்குட்டியைத் தூக்கினார். "இது சின்ன இனம் அண்ணன், இவ்வளவுதான் வளரும்" என்று காவற்காரர் சொன்னதை நம்பி, பெட்டிகளுக்கு நடுவே சின்ன லொறியில் ஏற்றி வந்தார். இரண்டு வருடத்தில் அது லொறியைவிட உயரமாக நின்றது.

பெயர் ஹலோ. அவர் வைத்த பெயரல்ல. காலையில் மைக்கைச் சோதிக்க "ஹலோ, ஹலோ" என்பார். அது தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று குட்டி எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு ஊரில் எந்த மூலையில் மைக் சோதித்தாலும் ஹலோ அங்கே போய் நிற்கும். ஒரு செத்தவீட்டில் பிரேதம் எடுக்கிற நேரம் வந்து நின்றது. அழுதுகொண்டிருந்தவர்கள் ஒரு கணம் நிறுத்திப் பார்த்துவிட்டு மறுபடி அழுதார்கள்.

வயது ஏறியதும் இன்னொரு பிரச்சினை தொடங்கியது. ஹலோ காயடிக்காத ஆண் குதிரை. ஊர்ப் பாஷையில் நாம்பன். அறுவடை முடிந்த வயல் வட்டையில் மாடுகளோடு மேயவிட்டார். அது பசுக்களின் பின்னால் நடந்தது, காளைகளோடு சண்டைக்கு நின்றது, வேலிக்குமேல் தலையைப் போட்டு யாரையோ தேடுவதுபோலக் கனைத்தது. மாட்டுக்காரர்கள் முறைப்பாட்டோடு வந்தால் ஸ்பீக்கர் அண்ணன் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுப்பார். அவர் சொன்ன சமாதானம் ஒருவருக்கும் கேட்டதில்லை.

அப்போதுதான் பெரும்போக நெற்செய்கை ஆரம்பக் கூட்டம் வந்தது. உழவு தொடங்கமுன் கால்நடைகளை வட்டையைவிட்டு எந்தத் திகதிக்குள் வெளியேற்றுவது என்று தீர்மானிக்கும் கூட்டம். அறிக்கை எழுதும் எழுதுவினைஞர் நான். ஒலிபெருக்கி வழக்கம்போல அவர். அம்ப்ளிஃபயர் அவர் காலடியில் இருந்தது என்பதைத் தலைவர் கவனித்திருக்கவேண்டும்.

காலையிலேயே "ஹலோ, ஹலோ" சொல்லியாகிவிட்டதால், கூட்டம் தொடங்கும்போது யன்னலுக்கு வெளியே குதிரையும் நின்றது. மாடு, எருமை, ஆடு எல்லாம் ஒரு மாதத்துக்குள் போகவேண்டும், போகிற மந்தைகளுக்குப் படுவான்கரையில் மேய்ச்சல் தரை ஒதுக்கப்படும் என்று தீர்மானம் வாசித்தேன். "வேறு விடயங்கள் உண்டா" என்றார் தலைவர். பின்வரிசை வாங்கிலிலிருந்து மண்டபம் அதிர ஒரு குரல் வந்தது.

"தலைவர் அவர்களே, குதிரையைச் சொல்லல்ல."

"குதிரைக்குத் தடை ஒண்டும் இல்லதானே. நீங்க சும்மா இருங்க" என்றார் தலைவர்.

வேறு யாராவது என்றால் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். இவர் விடவில்லை. "மாட்டைப் போகச் சொல்லுறீங்க, போற இடத்தையும் காட்டுறீங்க. என்ட குதிரையைப் போகவும் சொல்லல்ல, இடமும் காட்டல்ல. போ எண்டு சொல்லுறதுக்கும் ஒராளைக் கணக்கில எடுக்கோணும் சேர்."

தலைவர் பதில் சொல்ல மைக்கை எடுத்தார். அது செத்துப்போயிருந்தது. அவர் மைக்கைத் தட்டினார், ஊதினார், எழுந்து நின்றும் கத்திப் பார்த்தார். ஸ்பீக்கர் அண்ணனின் மைக் மட்டும் அருமையாக வேலை செய்தது. இருபதாவது நிமிடத்தில், மதியச் சாப்பாட்டு மணம் வந்த பிறகு, தீர்மானம் திருத்தப்பட்டது. நான் என் கையால் எழுதினேன்: மாடு, எருமை, ஆடு, குதிரை. உலகத்திலேயே தனக்கு எதிரான தடையைப் போராடிப் பெற்ற மனிதரை அன்றுதான் பார்த்தேன். ஒரு மாதத்துக்குள் இடம் கிடைக்காவிட்டால் ஹலோவை ஊரில் வைத்திருக்க முடியாது.

அடுத்த ஞாயிறு காலை என் வாசலில் நின்றார். "தம்பி, எழுதினது நீங்க. வாங்க, இடம் தேடுவம்."

என் மனைவி காலமாகி மூன்று வருடம். மகள் கனடாவில். ஞாயிறு என்றால் நான் இரண்டு சேர்ட்டைத் தோய்த்துப் போட்டுவிட்டு, சத்தத்தைக் குறைத்து டிவி பார்ப்பேன். யாராவது கூப்பிட்டால் கேட்கவேண்டுமே என்றுதான் குறைப்பது, யாரும் கூப்பிட்டதில்லை. மோட்டார் சைக்கிளை எடுத்தேன்.

முதல் ஞாயிறு வாவியைக் கடந்து, ஒதுக்கிய மேய்ச்சல் தரைக்குப் போனோம். மாட்டுப் பட்டிக்காரர் ஸ்பீக்கர் அண்ணனின் போனை வாங்கி, குதிரையின் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். எல்லாம் முன்பக்கப் படங்கள்.

"முகத்தைப் பாத்தா பால்குடி மாதிரி இரிக்கி. பின்பக்கப் படம் ஒண்டும் இல்லையா?"

"போன்ல சார்ஜ் இல்ல" என்றார் ஸ்பீக்கர் அண்ணன். போன் பட்டிக்காரர் கையில் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது.

"நாம்பனா?"

"ஓம். ஆனா நல்ல நாம்பன்."

"என்ட பட்டியில ஏற்கெனவே ரெண்டு நாம்பன் மாடு. இதையும் விட்டா நான் மாடு மேய்க்கிறதா, சண்டை விலக்குறதா? காயடிச்சிட்டுக் கொண்டு வாங்க, அண்டைக்கே எடுக்கிறன்."

இரண்டாவது ஞாயிறு காத்தான்குடி. மகனின் கலியாணத்துக்கு ஸ்பீக்கர் கட்டிய நன்றியில், அங்கே ஒரு ஹாஜியார் சுற்றுமதில் வளவைத் தர ஒப்புக்கொண்டார். கிணறும் இருந்தது. வட்டிலப்பம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"என்ட கறவை மாடும் மூணு அங்கதான் நிக்கிது. இது ஆணா, பொண்ணா?"

"ஆண்தான். ஆனா கலியாண எண்ணம் பெரிசா இல்ல."

"எனக்கு எழுவத்திரெண்டு வயசு" என்றார் ஹாஜியார். "எனக்குத் தெரியாத எண்ணமா? வேணாம் அண்ணன், கோவிக்காதீங்க." மிச்ச வட்டிலப்பத்தைப் பொதிசெய்து கொடுத்தார். திரும்பும் வழியில் கடலோரம் நிறுத்தி அதையும் சாப்பிட்டு முடித்தோம்.

மூன்றாவது ஞாயிறு மிருக வைத்தியரின் வீட்டுக்குப் போனோம். புதிதாக வந்த இளம்பெண். "சின்ன வேலைதான் ஐயா. காயடிச்சு விட்டா மறுகா ஆட்டுக்குட்டி மாதிரி நிப்பான். ஆரும் சந்தோசமா எடுப்பாங்க."

"வேணாம் மிஸ்."

"மட்டக்களப்பு முழுக்கத் தேடினாலும் ஒரு பெட்டைக் குதிரை இல்ல. அவன் என்னத்துக்கு அதை வச்சிரிக்கிற?"

ஸ்பீக்கர் அண்ணன் நிலத்தைப் பார்த்தார். அவர் சொன்னதைக் கேட்க நானும் வைத்தியரும் குனியவேண்டியிருந்தது. "நடக்கல்ல எண்டுறது வேற மிஸ். நடக்கவே ஏலா எண்டு ஆக்குறது வேற."

வைத்தியர் அதற்குமேல் கேட்கவில்லை. மலைநாட்டில் குதிரைச் சவாரி நடத்தும் ஒருவரைத் தனக்குத் தெரியும், அவர் ஹலோவை அப்படியே எடுத்துக்கொள்வார், இரண்டு கிழமையில் லொறி அனுப்புவார் என்றார். ஸ்பீக்கர் அண்ணன் தலையாட்டினார். மலைநாட்டில் குளிருமே என்று மட்டும் கேட்டார்.

நான்காவது ஞாயிறு மழை பிடித்துக்கொண்டது. இரண்டு இடம் பார்த்தோம், இரண்டும் சரிவரவில்லை. வாவிக்கரையில் ஒரு மீன்வாடிக்குள் ஒதுங்கி நின்றோம். அக்கரை வட்டையில் உழவு மெசின் இறங்கிவிட்ட சத்தம் கேட்டது. "சனிக்கிழமை லொறி வருது" என்றார். வேறொன்றும் பேசவில்லை. குரல் இல்லாத மனிதர் பேசாமல் இருப்பதிலும் ஒரு வித்தியாசம் உண்டு என்று அன்று தெரிந்தது.

இப்போது நான் ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். தேற்றாத்தீவில் ஒரு ஏக்கர் தென்னங்காணி இருக்கிறது. உயரமான வேலி, நல்ல கிணறு, இடுப்பளவு புல், ஒரு மாடும் இல்லை. என் மனைவியின் சீதனக் காணி. காத்தான்குடிக்குப் போகும்போதும் வரும்போதும் அதன் கேற்றைத் தாண்டித்தான் போனோம். இரண்டு தரமும் நான் தெருவின் மற்றப் பக்கத்தைப் பார்த்தேன். கஞ்சத்தனம் அல்ல. அவள் போனபின் அந்தப் பூட்டை நான் திறக்கவில்லை. கிணற்றடியில் அவள் நிற்கமாட்டாள் என்பது தெரிந்ததுதான். அதை நேரில் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

திங்கட்கிழமை அரைநாள் லீவு போட்டுக்கொண்டு போனேன். பூட்டு துருப்பிடித்திருந்தது, கல்லால் அடித்துத் திறந்தேன். கிணற்றடியில் அவள் நிற்கவில்லை. அவள் நட்ட கறிவேப்பிலை மட்டும் கூரையளவுக்கு வளர்ந்திருந்தது. கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு மகளுக்குப் போன் எடுத்தேன். காணி இனி அவளுடையது, நான் நினைத்தபடி கொடுக்க முடியாது.

"குதிரையாப்பா?" என்றாள்.

"ஓம்."

"நீங்க ஒழுங்காச் சாப்பிடுறீங்களா?"

"குதிரை என்னுடையதில்ல மகள்."

விஷயத்தைச் சொன்னேன். "விடுங்கப்பா. அம்மாட வளவில ஏதாவதொரு சீவன் நிண்டா நல்லம்தான்" என்றாள்.

மறுநாள் ஸ்பீக்கர் அண்ணன் சைக்கிளில் பற்றரியையும் ஒரு ஹோர்னையும் கட்டிக்கொண்டு, பிரதான வீதி வழியே "ஹலோ, ஹலோ" என்று அறிவித்தபடி தேற்றாத்தீவுக்கு மிதித்தார். பின்னால் குதிரை நடந்து வந்தது. அதற்குப் பின்னால் கல்முனை பஸ் ஒன்று, முந்தவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் ஊர்ந்து வந்தது. மலைநாட்டு லொறியை வரவேண்டாம் என்று வைத்தியர் சொல்லிவிட்டார்.

ஹலோ வளவுக்குள் புகுந்து கறிவேப்பிலையை மணந்து பார்த்துவிட்டுப் புல்லில் வாய் வைத்தது. ஸ்பீக்கர் அண்ணன் ஒரு தென்னையைத் தட்டிக்கொடுத்தார்.

"இந்த மரத்திலதான் தம்பி ஹோர்ன் கட்டினன். உங்கட கலியாணத்துக்கு. அப்ப இது என்ட உயரம்தான்."

எனக்குச் சட்டென்று உறைத்தது. "அப்ப இந்த வளவு உங்களுக்கு முதல்லயே தெரியுமா?"

"ஓம்."

"அப்பிடியெண்டா கேட்டிருக்கலாமே. ஒரு மாசமா மழையிலயும் வெயிலிலயும் அலைஞ்சமே."

அவர் ஏதோ சொன்னார். கேட்கவில்லை. கிட்டப் போனேன்.

"கேட்டிருந்தா நீங்க தந்திருப்பீங்க தம்பி. மறுகா ஞாயித்துக்கிழமையில நான் ஆரோட போற?"

குதிரையைப் பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இத்தனை வருடத்தில் என்னோடு போகவேண்டும் என்பதற்காக ஒருவர் சுற்றுவழியில் போனது அதுதான் முதல் தரம்.

இது நடந்து ஒரு வருடமாகிறது. ஹலோ கொழுத்து நிற்கிறது. பின்னேரத்தில் வேலிக்குமேல் தலையைப் போட்டு இன்னும் யாரையோ கூப்பிடுகிறது. இந்த வருடக் கூட்ட அறிவித்தலிலும் மாடு, எருமை, ஆடு, குதிரை என்றே எழுதினேன். ஹலோ வளவுக்குப் போன அடுத்த ஞாயிறே பழக்கதோஷத்தில் ஸ்பீக்கர் அண்ணன் என் வாசலுக்கு வந்தார். "இதைவிட நல்ல இடம் இரிக்குமோ எண்டு ஒருக்காப் பாப்பம்" என்றார். அதற்கடுத்த ஞாயிறும் வந்தார், இன்றுவரை வருகிறார்.

போன ஞாயிறு வாகரைப் பக்கம் போயிருந்தோம். அருமையான புல்வெளி, பக்கத்திலேயே தண்ணீர், சுற்றிவர மாடே இல்லை. நாம்பன் என்றாலும் பரவாயில்லை, நாளைக்கே கொண்டுவந்து விடுங்கள் என்றார் சொந்தக்காரர். ஸ்பீக்கர் அண்ணனின் முகம் வாடிப்போயிற்று.

நான் வேலிக்குக் கிட்டப் போய் நின்று பார்த்தேன். அது என் தலைக்குமேல் ஒரு முழம் இருந்தது.

"வேலி உயரம் கொஞ்சம் குறைவு அண்ணன்" என்றேன். "வேற இடம் பாப்பம்."