வெள்ளிக்கிழமை வண்டி

சடகோபன் இடது கையில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். கையில் ஒன்றுமில்லை. வீக்கமில்லை, சிராய்ப்பில்லை, ஒரு சின்ன வலிகூட இல்லை. ஆனாலும் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் சுற்றோ சுற்றென்று சுற்றி, கடைசி நுனியைப் பல்லால் கடித்து இறுக்கினார். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி கம்பெனிக்கு மேனேஜர். துணிக்கா பஞ்சம்?

மனைவி வஞ்சுளவல்லி காபியோடு வந்து நின்றாள். குளித்து முடித்து, அரக்குச் சேலை கட்டி, தலையில் பூவும் வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமையானால் அவள் ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலுக்குப் போவது வழக்கம்.

"கையில என்ன?"

"சுளுக்கு."

"எப்ப?"

"இப்பத்தான்."

அவள் கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், டம்ளரை நீட்டினாள். சடகோபன் சுளுக்குப் பிடித்த கையாலேயே அதை வாங்கிக் குடித்தார்.

எல்லாக் கூத்துக்கும் காரணம், கொல்லையில் தகரக் கொட்டகைக்குள் உறை போட்டு மூடியிருந்த கார். எழுபது வருஷத்துக்கு முந்தி இங்கிலாந்தில் செய்தது. இரண்டு பேர் மட்டும் உட்காரலாம். மேலே கூரை கிடையாது. மழை வந்தால் பின்னால் மடித்து வைத்திருக்கும் துணியை இழுத்து மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். மூக்கில் எம்.ஜி. என்று எழுதியிருக்கும். 'ஆர்' எங்கே உதிர்ந்தது என்று கேட்காத ஆள் அந்தத் தெருவில் இல்லை.

ஒரு காலத்தில் அது ராஜபாளையத்து மில் முதலாளி ஒருத்தருடைய கார். அதை ஓட்டியவர் சடகோபனின் அப்பா. வாராவாரம் வெள்ளிக்கிழமை முதலாளியம்மாவை ஆண்டாள் கோயிலுக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவருவார். சடகோபன் பி.காம். படித்தார், மேனேஜர் ஆனார், வீடு கட்டினார், மகள் அனுக்ரஹாவை இன்ஜினியருக்குப் படிக்க வைத்து பெங்களூருக்கு வேலைக்கும் அனுப்பினார். என்ன செய்து என்ன, ராஜபாளையத்துக்குள் அவர் பேர் 'டிரைவர் மகன்'. பஜாரில் கத்திரிக்காய் வாங்கப் போனாலும் டிரைவர் மகன்தான்.

அதனால்தான் மில்லில் பஞ்சு மூட்டை அடுக்கும் கிட்டங்கிக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடந்த அந்தக் காரைத் தேடிப் பிடித்து வாங்கினார். மெக்கானிக் பிச்சை முகம்மதுவின் பட்டறையில் போட்டு, வருஷக்கணக்கில் ஒவ்வொரு நட்டாகப் பார்த்துப் புதுப்பித்தார். அந்தக் காரில் போகும்போது ஒரே ஒருத்தராவது தன்னைப் பார்த்து 'ஓனர்' என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் அவர் ஆசை. கேட்கச் சிரிப்பாகத்தான் இருக்கும், அவருக்கு அது சிரிப்பில்லை.

பட்டறையிலிருந்து வீட்டுக்கு ஓட்டிவந்த முதல் நாளே ஆசையில் மண் விழுந்தது. நடு பஜாரில் ஆடு ஒன்று குறுக்கே வந்தது. பிரேக் போட்டார். வண்டி நின்றது நின்றதுதான். பின்னால் வரிசையாக ஹாரன். அவிய அப்பா ஓட்டினால் வண்டி வெண்ணெயாகப் போகும், மகனுக்கு அந்தக் கை வரவில்லை என்று டீக்கடையில் யாரோ சொன்னது அவர் காதில் நன்றாகவே விழுந்தது. அன்றைக்கு உறையைப் போட்டு மூடியவர்தான். இரண்டு வருஷமாக எப்போதாவது திறப்பார், துடைப்பார், மூடுவார். எத்தனை நாள் கழித்துத் திறந்தாலும் தூசி இருக்காது. நல்ல உறை என்று நினைத்துக்கொள்வார். சாவியைத் தொட்டால் மட்டும் அந்த டீக்கடைப் பேச்சு காதில் கேட்கும். அதை யாரிடமும் சொன்னதில்லை. பத்திரமாக வைத்திருக்கிறேன் என்பார்.

வஞ்சுளவல்லி ஒரே ஒரு தடவை, இதில் ஏறிக் கோயிலுக்குப் போய்விட்டு வருவோமா என்று கேட்டாள். தூசி படும், மழை வரும், பொறவு பார்க்கலாம் என்றார். அதற்கப்புறம் அவள் கேட்கவே இல்லை. சொன்னால் புரிந்துகொள்ளும் மனைவி கிடைத்தாளே என்று சடகோபனுக்கு நிம்மதி.

வினை, பழைய கார் சேகரிக்கிறவர்கள் சங்கத்தின் ரூபத்தில் வந்தது. அதில் சேர்ந்தால் காரின் முன்னால் மாட்டிக்கொள்ள ஒரு பித்தளை வில்லை தருவார்கள். அதில் ஓனர் பேரைப் பொறித்திருப்பார்கள். இதைக் கேட்ட நாளிலிருந்து சடகோபனுக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை: ஓடுகிற காரைத்தான் சேர்ப்பார்கள். சங்கத்துச் செயலாளர் லக்ஷ்மிநரசிம்மன் கோயம்புத்தூரிலிருந்து போன் போட்டு, வண்டி ஓடுதுங்களா என்று கேட்டார். சடகோபன் நாக்கில் சனி உட்கார்ந்திருந்தது போல. வெள்ளிக்கிழமை தவறாமல் ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலுக்குப் போய்வருகிறது என்று சொல்லிவிட்டார். அப்பா காலத்து உண்மைதானே, கொஞ்சம் இந்தப் பக்கம் இழுத்துவிட்டோம் என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

"அப்படிங்களா? அப்ப வர்ற வெள்ளிக்கிழமையே வர்றனுங்க. நானும் அப்படியே ஆண்டாளைச் சேவிச்ச மாதிரி ஆச்சு" என்றார் லக்ஷ்மிநரசிம்மன்.

சடகோபன் முதலில் பிச்சை முகம்மதுவைக் கூப்பிட்டார். அன்றைக்கு நீ வந்து ஓட்டு, நான் ஸ்கூட்டரில் பின்னால் வாரேன் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டார்.

"வீட்லயே ஓட்டுத ஆள வச்சிக்கிட்டு என்னைய எதுக்கு அண்ணாச்சி கூப்பிடுதிய? எனக்கு அன்னைக்குத் தென்காசியில கல்யாணம்" என்று அவர் போனை வைத்துவிட்டார். ஏமாற்றம்தான், ஆனாலும் சடகோபனுக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. இவராவது நம்மை ஓட்டத் தெரிந்த ஆளாக மதிக்கிறாரே.

அதற்கப்புறம் ராப்பகலாக யோசித்துக் கண்டுபிடித்ததுதான் இந்தக் கட்டு. கியர் இருப்பது இடது கைப் பக்கம். கை இல்லையென்றால் கியர் இல்லை. வந்தவர் தானே ஓட்டிப் பார்த்துக்கொள்ளட்டும்.

"நீ எப்பவும் போல பஸ்ஸப் பிடிச்சுப் போயிட்டு வா. நான் லீவு போட்டிருக்கேன், வாரவரைப் பாத்துக்கிடுதேன்" என்றார் வஞ்சுளவல்லியிடம்.

"எப்பவும் போலப் போகணும்னுதான் இருந்தேன்" என்று சொல்லிவிட்டு அவள் காலி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவள் ஏன் முகத்தைத் தூக்குகிறாள் என்று அவருக்கு விளங்கவில்லை.

லக்ஷ்மிநரசிம்மன் வந்தார். வாசலே மறைந்துபோகிற மாதிரி ஆள். கொல்லைக்குப் போய் உறையை விலக்கியதும் குழந்தை மாதிரி அவர் முகம் மலர்ந்துவிட்டது. டயரை அமுக்கிப் பார்த்தார், குனிந்து அடியில் எண்ணெய் ஒழுகியிருக்கிறதா என்று பார்த்தார், எஞ்சின் மூடியைத் திறந்து முகர்ந்துகூடப் பார்த்தார். ஸ்டார்ட் பண்ணுங்க என்றார். சடகோபன் குலதெய்வத்தை நினைத்துக்கொண்டு ஸ்டார்ட்டர் குமிழை இழுத்தார். இழுத்த கையோடு எஞ்சின் பிடித்துக்கொண்டது. அவருக்கே தூக்கிவாரிப் போட்டது.

"நின்ன வண்டி இப்படி எந்திரிக்காதுங்க. நல்லா ஓடுது இது. வாங்க, கோயிலுக்கே போலாம்" என்றார் லக்ஷ்மிநரசிம்மன்.

சடகோபன் கட்டைக் காட்டினார். கியர் போட வராது, நீங்களே ஓட்டுங்கள் என்றார். லக்ஷ்மிநரசிம்மன் ஆவலோடு ஒரு காலை உள்ளே விட்டார். வயிற்றுக்கும் ஸ்டீயரிங்குக்கும் நடுவே அதற்குமேல் பேச்சுவார்த்தைக்கு இடமில்லை. உள்ளேயும் போக முடியாமல் வெளியேயும் வர முடியாமல் அவர் திணற, சடகோபன் இரண்டு கையாலும் அவரைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்து வெளியே எடுத்தார். அப்புறம்தான் கட்டு ஞாபகம் வந்து, இடது கையைப் பிடித்துக்கொண்டு முனகினார்.

வீட்டில் வேறு யாராவது ஓட்டுவார்களா என்று கேட்டார் வந்தவர். வஞ்சுளவல்லி தண்ணீர்ச் செம்போடு கதவோரம் நின்றாள்.

"மக ஓட்டும். அது பெங்களூர்ல இருக்கு. அது பழகயில இவ தெனமும் துணைக்குப் போவா, அம்புட்டுதான் நம்ம வீட்டு டிரைவிங்" என்று சொல்லிச் சிரித்தார் சடகோபன். வஞ்சுளவல்லி சிரிக்கவில்லை.

லக்ஷ்மிநரசிம்மன் தாடையைச் சொறிந்தார். "அப்ப ஒண்ணு பண்ணலாங்க. ஸ்டீயரிங்கும் காலும் உங்க வேலை. இந்தப் பக்கம் உட்கார்ந்து நான் கியர் போட்டுர்றேன்."

தப்பிக்க வழியில்லை. சடகோபன் ஏறி உட்கார்ந்தார். சீட்டு ஏனோ முன்னால் தள்ளியிருந்தது, முழங்கால் இடித்தது. துடைக்கும்போது தானே தள்ளியிருப்போம் என்று பின்னால் நகர்த்திக்கொண்டார்.

தெருமுனை தாண்டுவதற்குள் இரண்டு பேருக்கும் வேர்த்துவிட்டது. இவர் கிளட்சை மிதிக்கும்போது அவர் மீசையைத் தடவிக்கொண்டிருப்பார். அவர் கியரைத் தள்ளும்போது இவர் கிளட்சை விட்டிருப்பார். வண்டி பல்லை நறநறவென்று கடித்தது. ரெண்டு என்று சடகோபன் கத்தினால் நாலு விழுந்தது. பஸ்ஸுக்கு நின்ற காலேஜ் பிள்ளைகள் செல்போனில் படம் பிடித்தார்கள். கல்யாணமாகி ஒரு வாரம் ஆன தம்பதி மாதிரி இருவரும் ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொண்டே ஊர் எல்லையைத் தாண்டினார்கள்.

ஊரைத் தாண்டியதும் சாலை விரிந்தது. இடது பக்கம் மலை. மேலே கூரையில்லாததால் மலை அப்படியே மடியில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. காற்று சட்டைக்குள் புகுந்து புறப்பட்டது. கிளட்சும் கியரும் ஒருவழியாக ஒத்துப்போக, வண்டி ஒரே சீராகப் போனது. சடகோபனுக்கு அப்பா ஞாபகம் வந்தது. அப்பா எத்தனை வெள்ளிக்கிழமை இந்தச் சாலையில் இதே ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பார். ஒரு தடவைகூட அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டியதில்லை. அவருக்கு உரிமையில்லாத வண்டி, அதனால் முடியவில்லை. எனக்கு என்ன கேடு? இரண்டு வருஷமாக ஒரு துணியைப் போர்த்தி இதை யாருக்காக வைத்திருந்தேன்? நினைக்க நினைக்க வெட்கமாக இருந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரை ஒட்டிய மடவார் வளாகம் வரும்போது, சொல்லி வைத்த மாதிரி ஒரு ஆடு குறுக்கே பாய்ந்தது.

லக்ஷ்மிநரசிம்மன் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சடகோபனின் கால் தானாகப் பிரேக்கையும் கிளட்சையும் மிதித்தது. இடது கை தானாகப் போய், கியர் மேலிருந்த பெரிய கையை அப்படியே பிடித்துக் கீழே இழுத்தது. வண்டி பதுங்கி, வளைந்து, நிற்காமல் போனது. ஆடும் போனது. கட்டு அவிழ்ந்து வெள்ளைத் துணி வண்டிக்குப் பின்னால் கொடி மாதிரிப் பறந்தது.

லக்ஷ்மிநரசிம்மன் அந்தக் கையையே பார்த்தார். "சுளுக்கு விட்டுருச்சுங்களா?"

"விட்டுருச்சு போல" என்றார் சடகோபன். அதற்குமேல் பொய் சொல்லத் தெம்பில்லை. இனிமேல் சொல்லத் தேவையும் இருக்கவில்லை. மிச்சத் துணியை உருவிச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு, கியரைத் தானே போட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை கம்பெனிக்கு லீவு போட்டு வஞ்சுளவல்லியைப் பக்கத்தில் உட்கார வைத்து இதே சாலையில் கூட்டிவர வேண்டும் என்று அப்போதே தீர்மானித்தார். பாவம், முதல் தடவை ஏறும்போது பயந்துபோவாள். மெதுவாக ஓட்ட வேண்டும். அவள் முகம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்து, தனக்குத்தானே சிரித்துக்கொண்டார்.

கோயில் வாசலில் வண்டியைக் கண்டதும், நிறுத்துமிடத்தைப் பார்த்துக்கொள்கிற ஆள் ஓடிப்போய் மர நிழலில் இடம் பிடித்துப் போட்டிருந்த கல்லைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு வழிகாட்டினார். பால்கோவாக் கடையிலிருந்து ஒருவர் கையசைத்தார். சடகோபன் பதிலுக்குக் கம்பீரமாகத் தலையசைத்தார். வண்டிக்குத்தான் என்ன மரியாதை!

பூக்கட்டும் பாலம்மாள் கூடையை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தாள். ஒரு முழம் மல்லிகையை எடுத்து, யாரையும் கேட்காமல், காரின் மூக்கு மேல் இருந்த ரேடியேட்டர் மூடியில் பழகிய கையாகச் சுற்றிவிட்டாள்.

லக்ஷ்மிநரசிம்மன் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "சத்தியமாச் சொல்றனுங்க, உங்க பேச்சுல எனக்குச் சந்தேகம் இருந்துச்சு. வெள்ளிக்கிழமை தவறாம வர்ற வண்டிதான் இது, ஊரே சொல்லுது. வில்லை உங்களுக்குத்தான். ஓனர் பேரைச் சொல்லுங்க, எழுதிக்கறேன்."

எத்தனை வருஷம் காத்திருந்த வார்த்தை. சடகோபன் தொண்டையைச் செருமிக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, வாயைத் திறந்தார்.

அதற்குள் பாலம்மாள் குனிந்து, ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருந்த முகத்தை உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ஓனரக்கா இன்னைக்கு வரலையாய்யா? நீங்க என்ன, புது டிரைவரா?"