தையல் மெஷினுக்கு மாற்றிய மரக்கணவர்

அபிஜான் நகரத்தில் மின்விசிறிக்கு அடியில் குடித்தனம் நடத்தும் என் மூத்த மகள் அக்கிசிக்கு, அசபோனு கிராமத்திலிருந்து அப்பா தானோ வாழ்த்தி எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். ஆடுகள் நலம். காப்பிச் செடிகள் நன்றாகப் பூத்திருக்கின்றன. உன் அம்மாவும் நலமாகத்தான் இருக்க வேண்டும்; பன்னிரண்டு நாளாக அவள் உன் லூகூ மாமா வீட்டில் இருப்பதால் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் எழுதுகிறேன், பொறுத்துப் படி.

மாமா கடிதம் போடுவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். உன் அம்மாவின் மறுவுலகக் கணவரை நான் கொடுத்துவிட்டேன். ஆமாம், அவரேதான், சின்ன அறை மூலையில் நார்ப்பாய்மேல் முப்பது வருஷமாக நின்றவர். பிறக்கும் முன்பே அந்த உலகத்தில் நம் எல்லோருக்கும் ஒரு துணை உண்டு என்பது உனக்கும் தெரியும். எனக்கும் ஒருத்தி இருப்பாள், ஆனால் தனக்கு ஒரு பொம்மை செய்து வைக்கும்படி அவள் இதுவரை யார் கனவிலும் வந்து கேட்கவில்லை, அதிலிருந்தே அங்கே என் மதிப்பு தெரிகிறது. உன் அம்மாவுடையவர் அப்படியில்லை. கல்யாணமான புதிதில் வயிற்றில் எதுவும் தங்காதபோது, அவர் பொறாமைப்படுகிறார் என்று குறிகாரர் சொல்ல, அவரை மரத்தில் செதுக்கி, எண்ணெய் தடவி, முட்டையும் கிழங்கு மசியலும் வைத்த பிறகுதான் நீ பிறந்தாய். நீ பிறந்ததில் என் பங்கு எவ்வளவு என்று ஊரில் இன்றைக்கும் சந்தேகம் உண்டு. வியாழக்கிழமை அவருடைய நாள், அன்றைக்கு எனக்கு வெளியறைப் பாய். முப்பது வருஷ வியாழக்கிழமை என்றால் சும்மாவா?

அம்மா சந்தைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, பொம்மை வாங்கிச் சேர்க்கிற பெல்ஜியத்துக்காரர் ஒருவரை வியாபாரி பக்காரி தன் வேனில் கூட்டி வந்தான். நம் சிற்பி புரூவின் புதுப் பொம்மைகளை அந்த மனிதர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உன் அம்மாவுடையவரைப் பார்த்ததும் மண்டியிட்டுவிட்டார். பின்கழுத்தைத் தடவினார், முதுகைத் திருப்பினார், கடைசியில் முகர்ந்தும் பார்த்தார். இந்த வீட்டில் நானும்தான் இத்தனை வருஷம் இருக்கிறேன், என் கழுத்தை இப்படி யாராவது தடவியது உண்டா? பக்காரி என் முகத்தைப் படித்துவிட்டான். "பெரியவரே, வேன் மேல கால்ல மிதிக்கிற தையல் மெஷின் ஒண்ணு இருக்கு. அதுக்கு வியாழக்கெழமையெல்லாம் கெடயாது," என்றான். அம்மா சந்தோஷப்படுவாள் என்று சத்தியமாக நினைத்தேன். சரி, பாதி சத்தியமாக.

சந்தையிலிருந்து வந்தவள் மெஷினைப் பார்த்தாள், மூலையைப் பார்த்தாள்.

"அவரு எங்க?"

"யாரு?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க, அக்கிசி அப்பா."

"பெல்ஜியம் போறாரு."

சண்டைக்கு நான் தயாராகத்தான் இருந்தேன். அவளோ கூடையை இறக்கி வைத்துவிட்டு, "ஒரு துணியாவது சுத்தி அனுப்பினீங்களா? அங்க குளிருமாமே," என்று கேட்டாள். பழைய செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்ததை நான் சொல்லவில்லை. மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். மறுநாள் ஊர்ப் பெண்கள் துக்கம் விசாரிக்க அவளிடம் வரிசையாகப் போனார்கள், என்னிடம் ஒருத்தியும் வரவில்லை. கள் குடிக்கப் போனால், "ஏம்பா தானோ, ரெண்டு பேர்ல நல்லவரை அனுப்பிட்டு உன்னை வெச்சுக்கிட்டது யாரு யோசனை?" என்கிறார்கள். உன் மாமா பெரியவர்கள் முன்னால் எழுந்து நின்று, "எங்க மச்சான் வீரரு. மரக்கட்டையோட மோதி ஜெயிச்சிருக்காரு," என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், வேறு என்ன செய்ய?

பெரியவர்கள் எங்கள் இருவரையும் குறிகாரரிடம் அனுப்பினார்கள். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "கட்டைங்கிறது அவரு ஒக்கார்ற முக்காலி. நீ முக்காலியக் குடுத்துட்ட. இப்ப மனுசன் நின்னுக்கிட்டே இருக்காரு. கால் வலிச்சா கோவம் வருமா வராதா? ஒண்ணு அதையே திருப்பிக் கொண்டா, இல்லேன்னா புதுசு செஞ்சு வை," என்றார். புரூவிடம் போனோம். அவன் என்னைத் தனியே இழுத்து, "அட மடையா, என்கிட்ட வந்திருக்கக் கூடாது? பழசாத் தெரியட்டும்னு கரையான் புத்துக்குள்ள மூணு பொம்மை பொதச்சு வெச்சிருக்கேன். எடுத்துக் குடுத்தா தாத்தன் காலத்துதுன்னு சத்தியமே பண்ணுவாங்க," என்று திட்டினான். பிறகு உளியைக் கீழே வைத்துவிட்டு அம்மாவிடம் கேட்க ஆரம்பித்தான். எப்படி இருக்க வேண்டும் என்று அவள்தானே சொல்ல வேண்டும்.

"கழுத்து?"

"நீளமா. மூணு மடிப்பு இருக்கட்டும்."

"கெண்டக்காலு?"

"வேலை செய்யிறவரோடது. நல்லாத் தெரண்டு."

நான் என் கால்களைப் பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டேன்.

"கண்ணு?"

"தாழ்த்தி வை. நான் பேசறப்ப கேக்கற மாதிரி."

"வாயி?"

"மூடியே இருக்கட்டும்."

புரூ என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன். அக்கிசி, வியாழக்கிழமைகளில் அந்த அறைக்குள் முணுமுணுப்புக் கேட்கும். அவரைப் புகழ்ந்து என்னைத் திட்டுகிறாள் என்றுதான் இத்தனை காலமும் நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான் புரிந்தது. காப்பிக்கு மழை போதாதது, உனக்குப் பல் முளைத்தது, அவள் தங்கை இறந்தது, இதையெல்லாம்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். அத்தனையையும் என்னிடம்தான் முதலில் தொடங்கியிருப்பாள். 'சரி சரி, சோத்தைப் போடு' என்று நான் நடுவில் வெட்டியிருப்பேன். மீதியைக் கேட்டது அவர்.

திரும்பி வரும் வழியில், "என்ன சொல்லிச் செஞ்சாலும் அது புதுக் கட்டைதான். நான் பேசினது எதுவும் அதுக்குத் தெரியாது," என்று சொல்லிவிட்டு மாமா வீட்டுப் பக்கம் திரும்பிவிட்டாள். அதனால்தான் உன்னைக் கேட்கிறேன். அந்தப் பெல்ஜியத்துக்காரர் மாதக் கடைசி வரை காயலோரப் பெரிய ஓட்டலில் இருப்பாராம். போய் அவர் கையைப் பிடித்தாவது நம்மவரைத் திருப்பி வாங்கிவிடு. மெஷினை அடுத்த வேனில் ஏற்றி அனுப்புகிறேன், மிதிகூட இன்னும் தேயவில்லை. அடையாளம் சொல்கிறேன்: இடது காது நுனி உடைந்திருக்கும், நாலு வயதில் நீதான் அவரை உரலில் போட்டு இடித்தாய். அவர் வராமல் உன் அம்மா வரமாட்டாள். இந்த வீட்டில் இப்போது நான் தும்மினால் 'என்ன' என்று கேட்க ஆள் இல்லை.

முன்னோர் உன்னையும் மாப்பிள்ளையையும் பேரப்பிள்ளைகளையும் நிழலாக நின்று காக்கட்டும். உங்கள் பானை காலியாகாமல் இருக்கட்டும். மாப்பிள்ளைக்கு என் மரியாதையைச் சொல்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற இருவரில் ஒருவன்,
தானோ

பின்குறிப்பு: வேன் அச்சு முறிந்து கிடந்ததால் இந்தக் கடிதம் ஒரு வாரமாக என் சட்டைப்பையிலேயே இருந்துவிட்டது. ஓட்டலுக்குப் போகாதே. புரூ முந்தாநாள் புதியவரைக் கொண்டுவந்தான். அம்மா மடியில் வைத்து வெகுநேரம் பார்த்தாள். "முன்ன இருந்தவரு எனக்குப் பத்தொம்பது வயசுல எங்கம்மா சொல்லிச் செஞ்சவரு. இவரு நான் சொன்னவரு," என்றாள். அன்றைக்குச் சாயங்காலமே அவரையும் மூட்டையையும் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். பழையவர் தயவுசெய்து பெல்ஜியம் போகட்டும், அவரும் திரும்பி வந்தால் இந்த வீட்டில் நான் மூன்றாவது ஆள். புதியவருக்கு ஒன்றுமே தெரியாது என்பதால், நேற்று மத்தியானத்திலிருந்து அவருக்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள். நானும் உட்காரலாமா என்று கதவருகில் நின்று கேட்டேன். "வாங்க. ஆனா குறுக்க பேசக் கூடாது," என்றாள். அவள் சொல்லி வருவதில் இன்னும் நீ பிறக்கவே இல்லை, அவ்வளவு இருக்கிறது. கதையில் நானும் அடிக்கடி வருகிறேன் மகளே. கேட்கக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கிறது.