என் கையால் சாணை பிடித்த பலகை

பட்டறையைச் சாப்பாட்டு அறையாக மாற்றப் போவதாக நஹோகோ அறிவித்தபோது என் வாயில் ஒரு துண்டு முள்ளங்கி ஊறுகாய் இருந்தது. கடிக்க மறந்து அப்படியே விழுங்கிவிட்டேன். அது நெஞ்சில் நின்றது. அவள் தண்ணீரை எடுத்துக் கொடுத்துவிட்டு, மேசை எந்தப் பக்கம் வரும், ஜன்னல் எங்கே வரும் என்று சொல்லிக்கொண்டே போனாள்.

நஹோகோ என் மனைவி. பனி கொட்டும் நீகாத்தா மலையடிவாரத்தில் எங்களுக்கு ஒரு சின்ன விடுதி இருக்கிறது. சமையல், அறைகள், வருகிறவர்கள், நான், எல்லாம் அவள் நிர்வாகம். பின்பக்கப் பட்டறை மட்டும்தான் என் ராஜ்ஜியம். அங்கே ஒரு சாணை இயந்திரம் வைத்திருக்கிறேன். பனிச்சறுக்குப் பலகைகளின் அடிப்பக்கத்தைத் தேய்த்து, பனியின் குணத்துக்குத் தக்கபடி மெல்லிய பள்ளங்களாக வரி போட்டுக் கொடுப்பது என் தொழில். இந்தப் பள்ளத்தாக்கில் தெருஹிசா, அதாவது நான், கை வைத்த பலகை என்றால்... வேண்டாம், என் பெருமையை நானே பேசக் கூடாது. மற்றவர்களும் பேசுவதாகத் தெரியவில்லை. அடுத்த வீட்டுத் தோஃபு கடைக்காரர் குவாபாராவே தன் பலகைகளைப் பட்டணத்துக் கடைக்குத்தான் தூக்கிக்கொண்டு போவார்.

விருந்தாளிகள் நடைபாதையில் குளிரில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், வீட்டிலேயே கதகதப்பான அறையில் இயந்திரம் சொகுசாக இருக்கிறது என்பது அவள் வாதம். முடியவே முடியாது என்றேன். அவள் சண்டைக்கு வரவில்லை.

"சரி. கடைசி நாள்ல பாத்துக்கலாம்" என்றாள்.

எங்கள் ஊரில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. பனிக்காலம் முடிந்து, மலைமேல் ஆட்களை ஏற்றிப்போகும் லிஃப்டை நிறுத்தும் கடைசி நாளன்று ஒவ்வொரு வீட்டுக் கணவனும் மனைவியும் மேலிருந்து சறுக்கி வர வேண்டும். யார் முந்துகிறார்களோ, அந்த வீட்டில் தீராமல் கிடக்கும் வழக்கில் அவர்கள் சொன்னதே தீர்ப்பு. மேல்முறையீடு கிடையாது. போன வருடம் நான் தோற்றதால்தான் எங்கள் வீட்டில் ஒரு பூனை இருக்கிறது.

நேர்மையாகப் போட்டியிட்டால் அவள்தான் ஜெயிப்பாள். அதனால் அறிவியலை நாடினேன்.

கடைசி நாள் பனியில் பாதி தண்ணீர்தான். ஈரமான இரண்டு கண்ணாடித் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துவிட்டுப் பிரித்துப் பாருங்கள், பிரியாது. வழவழப்பான பலகையும் ஈரப் பனியும் அப்படித்தான் ஒட்டிக்கொள்ளும். அடிப்பக்கத்தில் ஆழமாக, பட்டையாக வரி போட்டால் தண்ணீர் அதன் வழியே வடிந்துவிடும், பலகை பறக்கும். இரண்டாவது விஷயம் பைண்டிங். காலணியைப் பலகையோடு பிடித்துவைக்கும் கட்டு அது. அதைப் பொருத்தும் திருகுத் துளைகள் வரிசையாக இருக்கும். கொஞ்சம் பின்னால் தள்ளிப் பொருத்தினால் பலகையின் மூக்கு பனிக்கு மேலே நிமிர்ந்து வரும். முன்னால் தள்ளினால் மூக்கு சொதசொதப்பில் குத்திக்கொண்டு இறங்கும். இதையெல்லாம் சாப்பாட்டு வேளையில் நஹோகோவுக்கு எத்தனையோ தடவை விளக்கியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் கொட்டாவி விட்டிருக்கிறாள்.

போட்டிக்கு முந்தின நாள் மதியம் அவள் ஊர் வெந்நீர்க் குளத்துக்குக் கிளம்பினாள். உன் பலகையையும் நானே பார்த்துவைக்கிறேன் என்றேன். ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தாள். ரொம்ப நல்லது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

எங்கள் பலகைகள் இரண்டும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கியவை. ஒரே கறுப்பு, ஒரே நீளம். அவள் என்னைவிட ஒரு விரல் உயரம், ஆனால் அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை. என் பைண்டிங் சிவப்பு, அவளுடையது வெள்ளை. அதை வைத்துத்தான் அடையாளம். அவள் பலகையைக் கண்ணாடி மாதிரி இழைத்தேன். பைண்டிங்கை முன்னால் தள்ளித் திருகினேன். என்னுடையதற்கு என் வாழ்நாளிலேயே சிறந்த வரிகளைப் போட்டு, பைண்டிங்கைப் பின்னால் இறக்கினேன். அவள் திரும்பி வந்ததும் நிம்மதியாக நானும் குளிக்கப் போனேன். வெந்நீரில் கழுத்துவரை மூழ்கிப் பாட்டுக்கூடப் பாடினேன்.

மறுநாள் நான் மேலே போய்ச் சேர்ந்தபோது அவள் இரண்டு பலகைகளையும் தூக்கி வந்து பனியில் கிடத்தியிருந்தாள். நான் குனியப் போனேன். இடுப்பு பிடித்துக்கொள்ளும் என்று தடுத்து, என்னை உட்காரவைத்து, மண்டியிட்டு, சிவப்பு பைண்டிங்கின் வாரை அவளே இழுத்து மாட்டிவிட்டாள். இவளுக்கா இந்தத் துரோகம் என்று நினைத்தேன். ஆனாலும் பட்டறை பட்டறைதான்.

குவாபாரா கொடியை இறக்கினார். நஹோகோ போய்விட்டாள். சறுக்கினாள் என்று சொல்ல மாட்டேன், காணாமல் போனாள்.

என் பலகை நகரவில்லை. யாரோ கீழேயிருந்து பிடித்து இழுக்கிற மாதிரி இருந்தது. உந்தினேன். நகர்ந்து, நின்று, நகர்ந்து, சட்டென்று மூக்கு பனிக்குள் குத்தியது. நான் ஒரு குட்டிக்கரணம் போட்டு எழுந்தேன். மறுபடி குத்தியது. வேடிக்கை பார்த்துவிட்டு நடந்து இறங்கியவர்கள் என்னைத் தாண்டிப் போனார்கள். கழற்றித் திருப்பிப் பார்த்தேன். அடிப்பக்கத்தில் என் முகம் தெரிந்தது. வாய் திறந்திருந்தது.

கீழே நஹோகோ சாக்கே என்னும் சூடான இனிப்பு அரிசி மது குடித்துக்கொண்டிருந்தாள். இப்படியும் ஒருத்தி ஏமாற்றுவாளா? அதுவும் கட்டின புருஷனை?

"நீ பலகைய மாத்திட்ட" என்றேன்.

"பலகைய யாருங்க மாத்தினா? பைண்டிங்கத்தான் கழட்டி, செவப்ப என் பலகைலயும் வெள்ளைய உங்க பலகைலயும் மாட்டினேன். நீங்க குளிக்கப் போனீங்கல்ல, அப்ப."

"உனக்கு அதெல்லாம் தெரியாதே."

"கல்யாணம் ஆன நாள்லேருந்து சோத்தோட சேத்து இதத்தான ஊட்டுறீங்க. முன்னாடி தள்ளுனா குத்தும், பின்னாடி தள்ளுனா மிதக்கும். அந்தந்தப் பலகைல நீங்க தள்ளி வச்ச எடத்துலயே அப்படியே வச்சேன், ஒரு திருகுத் தொளகூட மாத்தல."

"கொட்டாவி விட்டியே."

"கொட்டாவி வாய்லதான வருது. காது சும்மாதான இருக்கு."

எப்படித்தான் சந்தேகம் வந்தது என்று கேட்டேன்.

"குளிர்காலம் பூரா என் பலகைய கொஞ்சம் பாத்துக் குடுங்கன்னு கெஞ்சினேன், திரும்பிக்கூடப் பாக்கல. நேத்து நீங்களா வந்து கேட்டீங்க. அப்பவே பகீர்னுச்சு." கோப்பையை என் கையில் கொடுத்தாள். "குடிங்க. நியாயம் கேக்கணும்னா ஊர்ல போய்ச் சொல்லுங்க. நானும் கூட வரேன்."

யாரிடம் போய், என்னவென்று சொல்வது? குடித்தேன்.

மறுநாள் காலை பட்டறையைக் காலி செய்ய ஆரம்பித்தேன். சாணைக்கல்லைத் துணியில் சுற்றும்போது கண் கலங்கியது, ஒளிக்கவில்லை. அப்போது வாசலில் குரல் கேட்டது. குவாபாரா, கையில் மூன்று பலகைகள். அவருக்குப் பின்னால் லிஃப்ட்காரர், அவருக்குப் பின்னால் இன்னும் சிலர். என் வேலையின் அருமை கடைசியில் ஊருக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்கு உடம்பு சிலிர்த்தது.

"அக்கா இருக்காங்களா?" என்றார் குவாபாரா.

முந்தின நாள் அந்தப் பலகை பறந்ததை ஊரே பார்த்திருக்கிறது. வரி யார் போட்டது என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். வீட்டிலேயே போட்டது என்று நஹோகோ சொல்லியிருக்கிறாள். பொய் இல்லை. அதே வீட்டிலிருந்து வந்த என் பலகை நின்ற லட்சணத்தையும் ஊர் பார்த்திருக்கிறது. அவர்களாகவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள். அந்த வரிகள் என்னுடையவை என்று சொல்ல வாயெடுத்தேன். அப்படியானால் அவள் பலகையை மொழுக்கென்று இழைத்தது யார் என்று அடுத்த கேள்வி வரும். மூடிக்கொண்டேன்.

நஹோகோ வந்தாள். வரிசையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பட்டறை அப்படியே இருக்கட்டும், சாப்பாட்டு அறைக்கு வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம் என்று தீர்ப்பை மாற்றினாள். நாற்காலியில் உட்கார்ந்து, முதல் பலகையை வாங்கித் தடவிப் பார்த்து, எப்படிப் போட வேண்டும் என்று எனக்குச் சொன்னாள். சரியாகத்தான் சொன்னாள், அதுதான் கொடுமை. நான் கல்லை மறுபடி மாட்டி இயந்திரத்தை ஓட்டினேன்.

குவாபாரா என் கைகளையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கிட்டே வந்து, தோளைத் தட்டி, நஹோகோவுக்குக் கேட்காமல் சொன்னார்:

"மனச விட்டுறாதீங்கண்ணே. அக்கா கூட ஒரு வருஷம் இருந்து பாத்தீங்கன்னா, இந்த வேல உங்களுக்கும் வந்துரும்."