நகம் வாசித்த ஆயுத பூஜை

அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி வரைக்கும் சோத்துக் கையால் சோறு சாப்பிடாத ஒரே மனுஷன் எங்கள் நகம்தான்.

பேர் வேறு ஏதோ. எனக்குத் தெரியாது. கேட்டதும் இல்லை. நான் மெல்லிசைக் குழுவுக்கு லோடு வண்டி ஓட்டுகிறவன். ஸ்பீக்கர் பொட்டி ஏற்றுவேன், இறக்குவேன். அவர் அதே குழுவில் எலக்ட்ரிக் கிதார். மற்ற நாளில் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு சின்ன கம்பெனியில் இரும்பு கடைகிற லேத் ஓட்டுவார்.

மற்ற கிதார்காரர்கள் பிக் பிடித்துக் கம்பியைத் தட்டுவார்கள். பிக் என்றால் ஒரு பிளாஸ்டிக் துண்டு. புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிசு. இவர் அதைத் தொட மாட்டார். வெறும் விரல். அதற்காக வலது கையில் நாலு நகம் வளர்த்து வைத்திருந்தார்.

முதல் நாளே கேட்டேன். "கரண்டு கிதாராச்சே. வெறும் கையால தொட்டா ஷாக் அடிக்காதா அண்ணாத்தே?"

"அடிக்கும். கேக்குறவனுக்கு."

கம்பெனியில் இரும்புச் சாமான் அளக்கிற வெர்னியரை வைத்து நகத்தை அளப்பார். கட்டை விரலுக்கு ரெண்டு மில்லி, மற்றதுக்கு ஒன்றரை. கூடிப்போனால் பட்டறை அரத்தில் தேய்ப்பார். லேத்தில் ஓடுகிற சாமானைக்கூட இந்த ஆள் இப்படி அளந்ததில்லை என்று அவர் சூப்பர்வைசரே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

பஸ் ஏறினால் வலது கையில் குழந்தைங்க போடுகிற சாக்ஸை மாட்டிக்கொள்வார். கூட்டத்தில் நகம் போய்விடுமாம். குமணன்சாவடியில் ஒரு அம்மா அதைப் பார்த்துவிட்டு, "அய்ய, இன்னா காயமோ பாவம், நீ ஒக்காரு நைனா" என்று எழுந்து இடம் கொடுத்தது. இவரும் வாயைத் திறக்காமல் உட்கார்ந்துவிட்டார். ஆவடி வரைக்கும்.

கல்யாணப் பந்தியில் ஸ்பூன்தான். சாம்பாரில் ஊறினால் நகம் மெத்தென்று ஆகிவிடுமாம். இலையில் ஓடும் ரசத்தை ஸ்பூனால் துரத்துவார். பக்கத்து இலைக்காரர்கள் சாப்பிடுவதை விட்டுவிட்டு, யார் ஜெயிப்பது என்று பார்ப்பார்கள். ரசம்தான் ஜெயிக்கும்.

ஒரு தடவை பலாப்பழம் தூக்கி நடுவிரல் நகம் உடைந்தது. மூன்று நாள் லீவு லெட்டர் கொடுத்தார். காரணம் என்ற இடத்தில், நகம் உடைந்தது என்று எழுதியிருந்தார்.

"யோவ், விரலே நசுங்கினவன் மறுநாள் வேலைக்கு வந்துட்டான்யா. உனக்கு நகத்துக்கு மூணு நாளா?" என்றார் சூப்பர்வைசர்.

"விரலுக்குக் கட்டு போடலாம் சார். நகத்துக்கு இன்னா பண்றது? அதுவா மொளைக்கணும்."

அன்றிலிருந்து கம்பெனியில் அவர் பேர் சொன்னாலே சிரிப்பு. அவர் வாசித்து அங்கே ஒருத்தரும் கேட்டதில்லை. கிதார் வாசிக்கிறேன் என்று சும்மா சொல்லிக்கொண்டு திரிகிறார் என்றுதான் எல்லாருக்கும் நினைப்பு.

குழு மாஸ்டருடையது. அவர் கீபோர்டு. அவருக்கும் நகத்துக்கும் எப்போதும் ஒரே சண்டைதான்.

"குத்துப் பாட்டுக்கு சுருக்குனு விழணும்யா. நீ தடவிக்கினு கீற. பிக் எடு."

"கம்பிக்கும் எனக்கும் நடுவுல பிளாஸ்டிக் இன்னாத்துக்கு மாஸ்டர்? ஊட்ல பொண்டாட்டி கையை உறை போட்டுகினா புடிக்கிற?"

இதற்கு மாஸ்டர் இரண்டு வாரம் பேசவில்லை.

ஆயுத பூஜை வந்தது. நகம் வேலை செய்யும் கம்பெனியிலேயே எங்கள் புரோகிராம். மத்தியானம் மூணு மணிக்கு. மாஸ்டர் கூட ஒரு புதுத் தம்பி இறங்கினார். கோயம்புத்தூர்க்காரர், ஐ.டி.யில் வேலை, நூம்பலில் ஃப்ளாட். தோளில் பளபளவென்று கிதார். பையில் ஏழு கலரில் பிக்.

மாஸ்டர் அதில் ஒன்றை வாங்கி நகத்திடம் நீட்டினார். "இன்னிக்கு இதுல வாசி. இல்லன்னா இதான் உனக்குக் கடைசி மேடை. தம்பி ரெடியா கீறாரு."

நகம் கை நீட்டவில்லை. முகம் வெளுத்துப்போச்சு. எதிரே அவர் கம்பெனி ஆளுங்க மொத்தமும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். "டேய், நகம் வாசிக்கப் போவுதாம்டோய்" என்று ஒருத்தன் விசிலடித்தான். அவர்கள் முன்னாடி இறக்கிவிட்டால் மறுநாள் எப்படி லேத் முன்னாடி போய் நிற்பார்?

அதற்குள் பூஜை ஆரம்பித்துவிட்டது. சூப்பர்வைசர் சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். லேத்துக்குப் பொட்டு. ஸ்பேனருக்குப் பொட்டு. முதலாளி காருக்கு, என் வண்டிக்கு, தண்ணிக் கேனுக்கு. பிறகு மேடைக்கு ஏறினார். கிதார் பக்கம் வந்ததும் நகம் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வலது கையை நீட்டினார்.

"ஆயுதம் இதான் சார். இதுக்கு வை."

சூப்பர்வைசர் முறைத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, புறங்கையில் சந்தனம் வைத்து, அதன் மேல் குங்குமமும் வைத்தார்.

அடுத்தது கீபோர்டு. கட்டைக்குக் கட்டை பொட்டு. பின்னாலேயே வந்த ஐயர் மாவிலையைச் சொம்பில் முக்கி, மற்ற மெஷினுக்குத் தெளித்த மாதிரியே இதற்கும் தாராளமாகத் தெளித்தார். மற்றது எல்லாம் இரும்பு, துடைத்துக்கொள்ளலாம். கீபோர்டு இரும்பு இல்லை. டப் என்றது. விளக்கு அணைந்தது.

"யோவ், இன்னாய்யா பண்ணீங்க?" மாஸ்டர் அலறினார்.

"மெஷின்தானே சார்?" என்றார் சூப்பர்வைசர். உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார்.

எங்கள் குழுவில் பாதி சத்தம் அந்தக் கீபோர்டுதான். அது போனால் மிச்சம் ஒரு தபேலா, ஒரு பாடகி, ஒரு கிதார். முன் வரிசையில் முதலாளி வாட்ச் பார்த்தார்.

மாஸ்டர் தம்பியை ஏற்றினார். தம்பி நன்றாகத்தான் வாசித்தார். ஆனால் கையில் பிக் ஒன்று. ஒரு நேரத்தில் ஒரு வேலை. பாட்டைப் பிடித்தால் கீழே தடிமன் கம்பியின் அடி இல்லை. அடியைப் பிடித்தால் பாட்டு இல்லை. பாடகி பாதியில் நிறுத்திவிட்டது. கூட்டம் ஊ என்று கத்தியது.

தம்பி நல்ல மனுஷன். மைக்கிலேயே சொல்லிவிட்டார். "இதுக்கு ரெண்டு ஆள் வேணுமுங்க மாஸ்டர். இல்லீன்னா அந்தண்ணனாட்டம் வெரல்ல வாசிக்கோணும்."

மாஸ்டர் நகத்தைப் பார்த்தார். கையில் இருந்த பிக்கைச் சட்டைப் பையில் போட்டார்.

நகம் உட்கார்ந்தார். கட்டை விரல் தடிமன் கம்பியில் தும் தும் என்று நடந்தது. மற்ற மூன்று விரலும் மேலே பாட ஆரம்பித்தது. நான் பொட்டிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன், இன்னொரு ஆள் ஒளிந்து வாசிக்கிறானா என்று. யாரும் இல்லை. பாடகி சிரித்துக்கொண்டே பாடியது. பிள்ளையார் பாட்டு முடிந்தது. பிறகு வந்தது பாருங்கள் ஒரு கைதட்டல், தகரக் கூரை அதிர்ந்தது.

நாலாவது பாட்டு குத்துப் பாட்டு. மாஸ்டர் கேட்ட சுருக்கு அப்படியே விழுந்தது. வெல்டிங்காரர் கறுப்புக் கண்ணாடியோடு ஆடினார். விசிலடித்தவன் நாற்காலி மேல் ஏறி ஆடினான். சூப்பர்வைசர் சந்தனக் கிண்ணத்தைத் தலைமேல் வைத்து ஆடினார். முதலாளி அதே பாட்டை இன்னொரு தடவை கேட்டார். மாஸ்டருக்குச் செய்ய வேறு வேலை இல்லை. ஓரமாக நின்று ஜால்ரா தட்டினார். இரண்டு மணி நேரம்.

இறங்கியதும் மாஸ்டர் நகத்திடம் வந்தார். "ஞாயித்துக்கெழம பூந்தமல்லில கல்யாணம். நாலு மணிக்கு வந்துடு."

"பிக்கு?"

"மூடிக்கினு வா."

நான் பொட்டி ஏற்றிக்கொண்டிருந்தேன். நகம் பக்கத்தில் வந்து நின்றார். கையில் சாக்ஸை மாட்டிக்கொண்டே கேட்டார்.

"எல்லாரும் சொன்னாங்கோ. நீ ஒண்ணும் சொல்லலியே. எப்டி இருந்துச்சி?"

"பரவால்ல" என்றேன்.

அன்றைக்கு அவ்வளவுதான் வாயில் வந்தது. மீதியைத்தான் இப்போது எழுதியிருக்கிறேன்.